காய்ந்த செடியில் அழகு எங்கே இருக்கிறது, அதைப் படத்தில் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி இது: "நெற்று, சருகு, விதைக்கூடு இவற்றை நேரில் பார்த்தால் அழகாக இருக்கிறது. படமெடுத்தால் குப்பையைப் படமெடுத்த மாதிரி வருகிறது. கிட் லென்ஸ் போட்ட ஒரு சாதாரண கேமராவும் மொபைலும் இருக்கின்றன. எங்கே தவறுகிறது?"

பெரும்பாலும் மூன்று இடங்களில் தவறுகிறது. உச்சி வெயிலிலோ கேமரா பிளாஷிலோ எடுப்பது முதலாவது. பழுப்புப் பொருளைப் பழுப்புத் தரையிலேயே வைத்து எடுப்பது அடுத்தது. மூன்றாவதுதான் முக்கியம்: அந்தக் காயில் எது நம் கண்ணைப் பிடித்தது என்று முடிவு செய்யாமலே பட்டனை அழுத்திவிடுவது.

பூவைப் படமெடுக்கிறவருக்கு நிறம் கைகொடுக்கும். ஒளி சுமாராக இருந்தாலும் செம்பருத்தி செம்பருத்தியாகத் தெரியும். காய்ந்த செடியிடம் அந்த உதவி கிடையாது. அதனிடம் மிச்சமிருப்பது கட்டமைப்பு. நெற்று என்பது விதையைப் பரப்புவதற்கென்று அமைந்த ஒரு கருவி. எங்கே பிளக்கிறது, எப்படி முறுக்குகிறது, எதனால் கொக்கி போடுகிறது, எதைக் கொண்டு மிதக்கிறது என்று பாருங்கள். அந்த வேலை தெரிகிற மாதிரி ஒளி விழுந்தால் படம் வந்துவிடும். காய்ந்த செடி என்றாலே முதுமை, மரணம், தனிமை என்று தலைப்பு வைத்து மங்கலாக எடுப்பவர்கள் நிறைய. அந்தச் சோகம் பார்ப்பவர் ஏற்றிவைப்பது, காய்க்கு அதில் பங்கில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது

நம் ஊர் சாலையோரத்திலேயே போதுமானது கிடைக்கும். தொடங்குகிறவருக்கு முதலில் துத்திக்காய். சக்கரம் போல வட்டமாக அடுக்கிய அறைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சிறு மூக்கு. குறுக்களவு இரண்டு செ.மீ. அளவுதான். எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒழுங்கு தெரியும், அதனால் தவறாக எடுப்பது கடினம். வாகை நெற்று தட்டையானது, வைக்கோல் நிறம், தோல் காகிதம் போல மெல்லியது. விதை இருக்கும் இடம் மட்டும் புடைத்திருக்கும். முடக்கத்தான் காய் மூன்று பக்கமும் உப்பிய பலூன், அதன் சுவரில் நரம்பு வலை ஓடும். மந்தாரை நெற்று வெடித்ததும் இரண்டு ஓடுகளும் திருகிக்கொள்ளும். ஓட்டுச் சுவரில் நார்கள் இரண்டு அடுக்காக, ஒன்றுக்கொன்று குறுக்கே ஓடுகின்றன. காயும்போது இரண்டும் வெவ்வேறு திசையில் சுருங்குவதால்தான் அந்த முறுக்கு. தேள்கொடுக்குக் காயின் இரண்டு வளைந்த கொக்கிகள், தாமரைக் காயின் குழிகள், கடற்கரை மணலில் உருண்டோடும் ராவணன் மீசை உருண்டைகள், சதை அழுகி நரம்பு மட்டும் நின்ற அரச இலை, முற்றிக் காய்ந்த பீர்க்கங்கூடு என்று பட்டியல் நீளும்.

நூறு காய் கண்ணில் பட்டால் பத்தை எடுத்துப் பார்த்து இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். நுனி உடையாமல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மூக்கு முறிந்த துத்திக்காயை எந்த ஒளியும் காப்பாற்றாது. பூச்சி துளைத்த ஓட்டை, மழைக்கறை, ஓரக் கிழிசல் ஆகியவை குறை ஆகா. பெரிதாக்கிப் பார்க்கும்போது அவைதான் சுவை.

காலையில் பனி ஈரம் இருக்கும்போது பறியுங்கள். நண்பகலில் முறுகக் காய்ந்த நெற்று தொட்டவுடன் பிளக்கும், முள் ஒடியும். பிளாஸ்டிக் பையில் போட்டால் நசுங்கும், ஒரே நாளில் பூஞ்சையும் வரும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் கசக்கிய செய்தித்தாள் போட்டு அதில் வைப்பது நல்லது. பச்சை வாடாத தண்டென்றால் தலைகீழாகக் கட்டி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் தொங்கவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் இருக்கிற கொஞ்ச நிறமும் வெளுத்துவிடும்.

நெற்றுக்குள் வண்டு இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். காற்றுப் புகாத கவரில் போட்டு ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் போதும். வெளியே எடுத்ததும் கவரைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரவிடுங்கள். உடனே திறந்தால் ஈரம் படிந்து காய் சுருங்கும், கறை விழும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதைகள் நஞ்சு. குழந்தைகள் இருக்கும் வீட்டில் இவற்றை மேசையில் பரப்பி வைக்காதீர்கள். சரணாலயத்திலிருந்து உதிர்ந்த காயை எடுத்து வருவதற்கும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. அங்கே படம் மட்டும் எடுங்கள்.

ஒளி: இதில்தான் முக்கால் வேலை

நேரடி வெயில் விழாத ஒரு ஜன்னல் போதும். அறையின் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஒரு பக்கம் ஜன்னலின் நீலமும் மறுபக்கம் டியூப்லைட்டின் பச்சையும் விழுந்தால் பழுப்பு நிறம் அழுக்காகிவிடும், பிறகு திருத்தவும் முடியாது. மின்விசிறியையும் நிறுத்துங்கள். இதை மறந்துவிட்டுத்தான் பலர் "ஷார்ப்பாக வரவில்லை" என்கிறார்கள்.

காயை ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வையுங்கள். அது எப்படிப்பட்ட பொருளோ அதற்கேற்ப ஒளியின் திசை மாறும்.

மேடுபள்ளம்தான் அழகென்றால், உதாரணமாகத் தேக்குச் சருகு, தாமரைக் காய், மயில்கொன்றை நெற்றின் தோல், ஒளி பக்கவாட்டில் தாழ்ந்து உரசிப் போகவேண்டும். மேற்பரப்புக்கும் ஒளிக்கும் நடுவே 10 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் சிறு நரம்புக்கும் ஒரு நிழல் விழும். 45 டிகிரிக்கு ஏற்றினால் பாதி நரம்பு மறைந்துவிடும், நேர் எதிரே வைத்தால் எல்லாமே மறையும். கேமரா பிளாஷ் செய்வது இந்தக் கடைசிக் காரியத்தைத்தான். நிழல் பக்கம் மிகவும் கறுத்தால் ஒரு தெர்மோகோல் துண்டை அந்தப் பக்கம் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள். பலர் அதை நெருக்கி வைத்து நிழலையே கொன்றுவிடுகிறார்கள். வாகை நெற்று போன்ற வெளிர் பொருளுக்கு மாறாக ஒரு கறுப்பு அட்டையை நிறுத்திப் பாருங்கள். நிழல் ஆழமாகி வடிவம் உருண்டு நிற்கும்.

மெல்லிய சவ்வு என்றால் ஒளி பின்னாலிருந்து ஊடுருவ வேண்டும். முடக்கத்தான், அரச இலை நரம்பு, வாகை நெற்று, குறுக்கே அரை செ.மீ. தடிமனில் வெட்டிய பீர்க்கங்கூட்டு வில்லை எல்லாம் இந்த வகை. வில்லையை ஹாக்ஸா பிளேடால் அழுத்தாமல் அறுத்தால் மூன்று அறைகளும் நார் வலையும் நசுங்காமல் வரும். ஜன்னல் கண்ணாடியில் டிரேசிங் பேப்பரோ வெளுத்த வேட்டியோ ஒட்டினால் அதுவே விளக்குப் பலகை. லேப்டாப்பிலோ டேப்லெட்டிலோ வெள்ளைத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்தும் எடுக்கலாம். அப்போது காயைத் திரையிலிருந்து 5 முதல் 10 செ.மீ. உயர்த்திப் பிடிக்கவேண்டும், ஒட்டி வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் விழும். ஷட்டர் 1/30 நொடியோ அதற்கு மெதுவாகவோ இருந்தால் கோடு கோடாக வராது.

பஞ்சு, மயிர், முள் என்றால் ஒளி பின்பக்கம் சாய்வாகவும் பின்னணி இருட்டாகவும் இருக்கவேண்டும். ஓரமெல்லாம் வெள்ளிக் கோடாகத் தெரியும். எருக்கங்காய்க்கு இதைவிட நல்ல ஒளி இல்லை. வெடிக்கும் பதத்தில் இருக்கும் காயைக் கொண்டுவந்து வைத்தால் வீட்டிலேயே பிளக்கும். பிளந்த முதல் சில மணி நேரத்தில் விதைகள் ஓடு வேய்ந்தது போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும், அதுதான் எடுக்கவேண்டிய வேளை. அடுத்த நாள் வெறும் பஞ்சு மூட்டை. பறக்கும் பஞ்சை நிறுத்த ஹேர் ஸ்பிரேயை ஒரு அடி தூரத்திலிருந்து ஒரே ஒருமுறை லேசாக அடிக்கலாம்; கூடினால் பஞ்சு திரித்திரியாக ஒட்டிக்கொள்ளும். இந்த ஒளியில் லென்ஸின் மேல் நேராக வெளிச்சம் விழாமல் கையாலோ அட்டையாலோ மறையுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்கப் பால் தெளித்தது போல வெளுக்கும்.

விளிம்புதான் எல்லாமே என்றால், தேள்கொடுக்குக் காய் போல, வெளுத்த வானத்தின் எதிரே கறுப்பு நிழலுருவாக எடுத்துவிடலாம். அதிகம் யோசிக்கத் தேவையில்லை.

பின்னணி

பழுப்புக்குப் பின்னால் மரப்பலகை, சாக்கு, பழைய பேப்பர் வைப்பது இன்ஸ்டாகிராம் பழக்கம். எல்லாம் ஒரே நிறமாகி, காய் அதற்குள் மூழ்கிவிடும். பச்சை இலைகளும் வேண்டாம். உயிருள்ள பச்சைக்கு நடுவே வைத்தால் பார்ப்பவர் கண்ணுக்கு 'பட்டுப்போன செடி' மட்டுமே தெரியும்.

நீலம் கலந்த சாம்பல் நிறம் பழுப்பைத் தூக்கிக் காட்டும். பாலிஷ் போடாத கடப்பாக் கல் இதற்கென்றே வெட்டியது போல இருக்கும். கல் கடையில் உடைந்த துண்டு சும்மாவே கிடைக்கலாம். சிலேட்டும் சிமெண்ட் தரையும் பரவாயில்லை. முழுக் கறுப்பு வேண்டுமென்றால் வெல்வெட் துணி. கறுப்பு சார்ட் பேப்பர் வெளிச்சம் பட்டால் சாம்பலாகத் தெரியும். அதைத்தான் பயன்படுத்த வேண்டுமென்றால் காய்க்குப் பின்னால் மூன்று நான்கு அடி தள்ளி, ஜன்னல் வெளிச்சம் எட்டாத இடத்தில் மாட்டுங்கள்.

காயை நிறுத்திவைப்பது தனி வேலை. தண்டு இருந்தால் களிமண் உருண்டையில் குத்தலாம். தண்டு இல்லாத காய்க்கு, கார்க்கில் குத்திய தையல் ஊசியின் நுனியில் ஒரு சொட்டு பசை வைத்துப் பின்புறம் ஒட்டினால் அந்தரத்தில் நிற்பது போல இருக்கும். தூசியை மென்மையான ஓவியத் தூரிகையாலும் ரப்பர் புளோயராலும் எடுங்கள், சிலந்தி நூலைப் பல் குச்சியால் சுருட்டுங்கள். தண்ணீர் கூடவே கூடாது, காய்ந்த ஓடு ஈரம் பட்டால் வடிவம் மாறும். பட்டாசுக்காய் ஒன்று மட்டும் விதிவிலக்கு. அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சற்று நேரத்தில் வெடித்து விதையைச் சிதறும். மொபைலின் ஸ்லோ மோஷனில் பிடிக்க நன்றாக இருக்கும், முகத்தை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

படச் சட்டத்துக்குள் (ஃபிரேமில்) எப்படி வைப்பது

இதில் முன்னோடி ஜெர்மனியின் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் (1865–1932). பெர்லினில் கைவினைக் கலைப் பள்ளியில் பாடம் நடத்தியவர். மாணவர்களுக்கு வடிவங்களைக் காட்டுவதற்காகத் தாமே செய்த கேமராவில் செடிகளை, சிலவற்றை 30 மடங்கு வரை பெரிதாக்கி எடுத்தார். 1928-ல் படங்கள் தொகுப்பாக வந்தபின்தான் உலகம் அவரைக் கவனித்தது. அவர் செய்ததைப் பாருங்கள்: வெற்றுப் பின்னணி, மென்மையான இயற்கை ஒளி, பொருள் நடுவில், கேமரா நேர் எதிரே. வேண்டாத இலையையும் கிளையையும் வெட்டி எறிந்துவிடுவார். மூன்றில் ஒரு பங்கு விதி (பொருளை நடுவில் வைக்காமல் மூன்றில் ஒரு பங்குத் தொலைவில் வைப்பது), சாய்ந்த கோணம் எதுவும் இல்லை. சமச்சீரான காய்க்கு இன்றும் அதுதான் சரி. துத்திக்காயையும் தாமரைக் காயையும் ஓரத்தில் ஒதுக்கினால் அவற்றின் வட்டம் வீணாகிறது.

முறுக்கும் வளைவும் உள்ள மந்தாரை ஓட்டுக்கு இது பொருந்தாது. அது திரும்பும் பக்கம் இடம் விட்டு வையுங்கள். பல காய்களைச் சேர்த்து எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ஒரே இனத்தில் ஐந்தாறு பருவங்களை, மூடியது முதல் முழுக்க வெடித்தது வரை, வரிசையாக அடுக்கலாம். வெவ்வேறு இனங்களைக் கொத்தாக வைத்தால் பூக்கடை அலங்காரமாகிவிடும்.

குவியமும் அளவும்

நெருங்கப் போகப் போகத் தெளிவாக விழும் ஆழம் சுருங்கும். ஏபிஎஸ்-சி கேமராவில் (படம் விழும் சில்லான சென்சார் நடுத்தர அளவில் இருப்பது) எஃப் 8 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறுக்கும்) வைத்தால், காயின் உண்மை அளவில் நான்கில் ஒன்றாகச் சென்சாரில் படம் விழும்போது சுமார் 6 மி.மீ. ஆழம் தெளிவாகும், பாதி அளவுக்கு நெருங்கினால் 2 மி.மீ.; முழு அளவில் அரை மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். அதற்காக எஃப் 22-க்கு ஓடாதீர்கள். முழு அளவில் எஃப் 11 வைத்தாலே ஒளியளவில் அது எஃப் 22 போலத்தான் வேலை செய்யும், ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுக்க மழுங்கும். எஃப் 8, அதிகம் போனால் எஃப் 11.

எளிய வழி, காயின் முக்கியமான தளத்தை சென்சாருக்கு இணையாக நிறுத்துவது. தட்டையான நெற்றுக்கும் இலைக்கும் இதுவே போதும். உருண்டையான காய்க்குப் பல குவியங்களில் எடுத்து, பிறகு கணினியில் ஒரே படமாக அடுக்க வேண்டும். பாதி அளவில் எஃப் 8 என்றால் ஒவ்வொரு படத்துக்கும் 1.3 மி.மீ. நகர்த்துங்கள், அப்போது அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்கு ஒன்றின்மேல் ஒன்று படியும். 2 செ.மீ. ஆழத்துக்குப் பதினாறு படம் ஆகும். நகர்த்தல் பெரிதானால் நடுநடுவே மங்கல் பட்டைகள் வரும். ஒரு பஞ்சிழை அசைந்தாலும் அடுக்கும்போது இரட்டைக் கோடு விழும், அதனால் எருக்குக்கு இந்த முறை வேண்டாம்.

மேக்ரோ லென்ஸ் (மிக நெருங்கி எடுப்பதற்கானது) இல்லையென்றால் எக்ஸ்டென்ஷன் டியூப் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்) வாங்கலாம். 55 மி.மீ. லென்ஸுக்குப் பின்னால் 25 மி.மீ. டியூப் போட்டால் உருப்பெருக்கம் 0.45 அளவு கூடும். மின் இணைப்பு முனைகள் இல்லாத மலிவு டியூபில், எலக்ட்ரானிக் லென்ஸ்களில் துளையை மாற்றவே முடியாது. விலையைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ட்ரைபாட், ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) 100, இரண்டு நொடி டைமர். ஷட்டர் கால் நொடி ஆனாலும் இரண்டு நொடி ஆனாலும் கவலையில்லை, காய் எங்கும் ஓடப்போவதில்லை. ட்ரைபாடில் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி) அணைத்துவிடுங்கள். கறுப்புப் பின்னணி பெரும்பகுதியை அடைத்தால் கேமரா ஏமாந்து காயை வெளிறடிக்கும். வெளிச்சத்தை 1 முதல் 1.5 ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதியாகும்). வெள்ளைப் பின்னணியில் அதே அளவு கூட்டுங்கள்.

மொபைலில் காய்க்கு மிக அருகே போனால் பல போன்கள் தாமாகவே அல்ட்ராவைட் மேக்ரோவுக்கு மாறிவிடும். தரமும் குறையும், உங்கள் நிழலும் விழும். அதை அணைத்துவிட்டு ஒரு அடி தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு ஜூமில் எடுங்கள். திரையில் காயின் மேல் அழுத்திப் பிடித்துக் குவியத்தைப் பூட்டி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்குங்கள். போர்ட்ரெய்ட் மோடு பஞ்சையும் முள்ளையும் பின்னணி என்று நினைத்துத் துடைத்துவிடும், தொடவே வேண்டாம்.

வெளியில் எடுக்கும்போது

சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரம், மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரம். வெயில் ஏறினால் ஒளியும் கெடும், காற்றும் கிளம்பும். செடியின் உயரத்துக்கு உட்காருங்கள். நின்றபடி கீழே பார்த்து எடுத்தால் பின்னால் தெரிவது தரைக் குப்பைதான். இரண்டடி நகர்ந்து, காய்க்குப் பின்னால் நிழலில் இருக்கும் புதரோ சுவரோ வரும்படி பார்த்துக்கொண்டால் ஸ்டுடியோ கறுப்பு அங்கேயே கிடைக்கும். ஆடும் தண்டைச் சட்டத்துக்கு வெளியே ஒரு குச்சியில் துணிக் கிளிப் போட்டுப் பிடித்து வையுங்கள். அப்போதும் ஷட்டர் 1/250-க்குக் குறைய வேண்டாம். ராவணன் மீசைக்காகக் கடற்கரை போகிறவர்கள் மணலில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

எடுத்த பிறகு

ஒயிட் பேலன்ஸை (நிறச் சமநிலை) ஆட்டோவில் விட்டால் பழுப்பைக் 'குறை' என்று நினைத்துக் குளிர்த்திவிடும். 5200 முதல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள், அல்லது முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். திருத்தும் செயலியில் கிளாரிட்டியை (மேடுபள்ளத்தைக் கூர்மையாக்குவது) 15, 20-க்கு மேல் ஏற்றினால் சருகு இரும்புத் தகடாகிவிடும். நிழலை எல்லாம் தூக்கி வெளிச்சமாக்காதீர்கள், பக்க ஒளிக்கு நீங்கள் பட்ட பாடு அந்த நிழலில்தான் இருக்கிறது.

கறுப்பு வெள்ளைக்கு மாற்றுகிறீர்களா? கடப்பாக் கல் இங்கேதான் இன்னொரு பயன் தருகிறது. காயின் நிறம் ஆரஞ்சு-மஞ்சள் பகுதியிலும் பின்னணி நீலப் பகுதியிலும் இருப்பதால், ஆரஞ்சைக் கூட்டி நீலத்தைக் குறைத்தால் இரண்டும் தனித்தனியே பிரியும். மரப்பலகையில் எடுத்த படத்தில் இந்தப் பிரிப்பு நடக்காது. அச்சடிப்பதென்றால் மேட் தாள் வாங்குங்கள். பளபளப்புத் தாளில் சருகின் சொரசொரப்பு தெரியாது.

கேமராவே இல்லாத ஒரு வழியும் உண்டு. 1842-ல் ஆங்கிலேய அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த சயனோடைப் (வெயிலில் நீலமாகப் பதியும் அச்சு) முறையில், அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் உலர்ந்த கடற்பாசிகளை நேரடியாகத் தாளில் வைத்துப் பதிக்கத் தொடங்கினார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மி.லி. நீரிலும், பொட்டாசியம் ஃபெரிசயனைடு 10 கிராமை வேறொரு 100 மி.லி. நீரிலும் தனித்தனியே கரைத்து, தேவைப்படும்போது சம அளவு கலந்து, மங்கிய மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் கனமான ஓவியத் தாளில் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். கையுறை அவசியம், அமிலம் எதனோடும் சேர்க்கக் கூடாது. அதன்மேல் அரச இலை நரம்பையோ வாகை நெற்றையோ வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் வையுங்கள். நம் வெயிலுக்கு ஐந்து முதல் பதினைந்து நிமிடம். தாள் வெண்கல-சாம்பல் நிறத்துக்கு மாறியதும் எடுத்து, மஞ்சள் போகும்வரை தண்ணீரில் அலசுங்கள். நீலத்தில் வெள்ளை நரம்பாகப் படம் நிற்கும். கண்ணாடிக்கும் இலைக்கும் இடையே இடைவெளி இருந்தால் ஓரம் மங்கும், அதனால் பதிக்கும் முன் இலையைப் புத்தகத்துக்குள் ஒரு வாரம் அழுத்தி வைத்துத் தட்டையாக்கிக்கொள்ளுங்கள்.